உரிப்பொருள் இல்லாத கடல்

1

பூங்கா என்னும் சொல்லைப் பிரித்தால் பூ, கா என்று வரும். ‘கா’ என்றால் சோலை. அதே ‘கா’ வினையாகும்போது ‘காப்பாற்று’ என்று பொருள் தரும். காவல், காப்பு, காவலன் எல்லாம் அந்த வினையிலிருந்து வந்தவை. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் ரசிக்கிறார்கள். ஆனால் தூத்துக்குடியில் வாழ்ந்துகொண்டு இந்தச் சொல்லைக் கடலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது சில கேள்விகள் எழுகின்றன. யார் காக்கிறார்கள், எதை, யாரிடமிருந்து? காவலுக்கு வெளியே நிறுத்தப்படுபவர் யார்?

எங்கள் ஊர்க் கடலில் தொடங்கி இராமேசுவரம் வரை நீளும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலங்குச்சல்லி என நான்கு. வேம்பாறு பக்கம் மூன்று. கீழக்கரை, மண்டபம் பக்கங்களில் ஏழேழு. தீவுப் பெயர்களில் வரும் ‘சல்லி’ பவளக்கல்லைக் குறிப்பது. அந்தக் கல்லைப் பல தலைமுறைகளாக வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் அனுப்பினார்கள். விலங்குச்சல்லி இன்று நீருக்குள் இருக்கிறது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் அப்படியே. வான் தீவும் கரைந்துபோகாமல் இருக்க அதன் கடல்முகத்தில் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே காவல் தேவையில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. இந்தக் கடலுக்குக் காவல் வேண்டும். அந்தக் காவல் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் இங்கே வாசிக்க விரும்புகிறேன்.

கவிதையையும் நாவலையும் வாசிப்பதற்குப் பழகிய கண்ணால் ஒரு தேசியப் பூங்காவையும் வாசிக்க முடியும். அதற்கும் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, சொல்லாமல் விட்டவை உண்டு. நெய்தலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றையும் இந்தப் பூங்காவையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் மௌனமாவது தெரிகிறது. பெண்ணின் உழைப்பு வரும் இடம் அது.

2

திணைக் கோட்பாட்டை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்துப் படிக்கிறோம். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கரு. மனித உணர்வின் ஒழுக்கம் உரி. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். போனவனை நினைத்து, அந்தி இருட்டுவதைப் பார்த்து, அலையோசையைக் கேட்டு ஒருத்தி வருந்துகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து முனைவர் பட்டம் வரை நெய்தல் நமக்கு இப்படித்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது திரேஸ்புரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து சொன்னாள்: “எங்கம்மா யாருக்கும் காத்துக் கெடக்கல மேடம். விடியுமுன்னே ஏலத்துக்குப் போயிருவா. படகு வரலன்னா அன்னைக்கு வட்டிக்காரனுக்குத்தான் பதில் சொல்லணும்.” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அது விமர்சனக் குறிப்பு. படகுக்காகக் காத்திருக்கும் பெண்ணிடம் இரக்கத்தை மட்டும் பார்த்த மரபிடம் அவள் கணக்குக் கேட்டாள்.

சங்கப் பாடல்களிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் தெருவில் கூவிக்கொண்டு போகிறாள். நெல்லுக்கு உப்பை மாற்றுகிறாள். நற்றிணையின் 45-ஆம் பாடலில் தேரில் வந்த பெரியவீட்டுப் பிள்ளையிடம் தோழி, எங்கள் மேல் மீன் நாறுகிறது, தள்ளி நில் என்கிறாள். கடலால் வாழும் எங்கள் வாழ்வு உன்னுடையதைப் போன்றதன்று என்று வேற்றுமையைப் பெருமையோடு சொல்கிறாள். அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாளோ அந்தப் பெண் மீன் உணக்கிப் பறவை ஓட்டும் வேலையில் இருக்கிறாள். காதல் அவளைத் தேடி வேலையிடத்துக்கே வருகிறது. நாற்றம் அவளது தொழிலின் அடையாளம். தோழி அதை வெட்கமின்றி வாதமாக்குகிறாள்.

பாடல்களில் உழைப்பு இருக்கிறது. அதை வகைப்படுத்திய இடத்தில்தான் நழுவுகிறது. மீன் உணக்குவதும் உப்பு விற்பதும் ‘தொழில்’ என்ற தலைப்பில் கருப்பொருளாகிவிட்டன. நாரை, புன்னை, சுறா ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் அடங்கிவிட்டன. அவளது வருத்தம் மட்டும் உரிப்பொருளுக்கு உயர்ந்தது. பெண் அழுதால் கவிதையின் மையம். வேலை செய்தால் கவிதையின் பின்னணி. உரையாசிரியர்கள் காலத்திலிருந்து நம் பாடநூல்கள் வரை இந்த வரிசை மாறவில்லை.

வளையலையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பிரிவுத் துயரில் தலைவியின் கைவளை நெகிழ்ந்து விழுவது அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வளை பல இடங்களில் சங்கை அறுத்துச் செய்தது. கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இந்தக் கடலில் எடுத்த சங்கு பிற்காலத்தில் வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் கைவளையானது. சங்கு எடுத்தவர் மூச்சும் அறுத்தவர் கையும் வளையலுக்குள் இருக்கின்றன. நாம் அது நழுவுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

3

பூங்காவை இந்த மூன்று சொற்களால் வாசித்தால் என்ன கிடைக்கும்? தீவுகளும் பவளத்திட்டும் பருவக்காற்றும் முதல். கடற்பசு, கடல் அட்டை, கடற்குதிரை, ஆமை, கடற்புல், பாசி ஆகியவை கரு. உரி இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

பாம்பன் பக்கம் அடியில் கண்ணாடி பதித்த படகு ஒன்றில் போனேன். அழகாகத்தான் இருந்தது. மான்கொம்புப் பவளம், மூளைப் பவளம், அவற்றுக்கிடையே வரிமீன்கள். வழிகாட்டி இளைஞர் நன்கு பயிற்சி பெற்றவர். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். படகிலிருந்த குடும்பங்கள் குனிந்து செல்பேசியில் படமெடுத்தன. கண்ணாடிக்கு மேலே இருப்பவர் பார்ப்பவர். கீழே இருப்பது பார்க்கப்படுவது. அந்த ஏற்பாட்டில் கடலுக்குள் உடம்போடு இறங்கும் மனிதருக்கு இடமில்லை. தூரத்தில் ஒரு வள்ளத்தைச் சுற்றிச் சில தலைகள் நீரில் எழுந்து எழுந்து மறைந்தன. “அது என்ன?” என்று பக்கத்திலிருந்த சிறுமி கேட்டாள். “பாசி எடுக்கிற லேடீஸ்” என்று வழிகாட்டி சொல்லிவிட்டு அடுத்த பவளத்தைக் காட்டினார். அவர்மேல் குறையில்லை. அவருக்குக் கொடுத்த பிரதியில் அவர்களுக்கு வரி எழுதப்படவில்லை.

அந்தத் தலைகளுக்குரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பெண்கள் 1960-களிலிருந்து தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து விற்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவற்றுக்குப் பெயர்கள். முன்னிரண்டிலிருந்து அகர் வருகிறது, கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். நம் உணவுப் பண்டங்களிலும் மருந்துகளிலும் ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் அவை இருக்கின்றன. சேலைமேல் ஆண் சட்டை, கண்ணில் கண்ணாடி, பவளம் கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைக் கையால் பறித்து, மேலே வந்து மூச்சுவிட்டு மறுபடி முங்க வேண்டும். ஒரு நாளில் பல மணி நேரம். வேர் விட்டு மேலே கிள்ளினால் மறுபடி வளரும் என்பது அவர்கள் அறிவு.

காவல் இறுகியபோது இவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பிடிபட்டார்கள்; பாசி பறிமுதலானது; படகு பிடிபடுமோ என்ற பயத்தோடு கடலுக்குப் போனார்கள். அவர்கள் செய்த பதில் முக்கியமானது. ஊர் ஊராகக் கூடிச் சங்கமானார்கள். இழுவைப்படகுகளுக்குத் தடைக்காலம் வரும்போது தாங்களும் பாசி எடுப்பதை நிறுத்துவது என்றும், மாதத்தில் சில நாட்களே கடலுக்குப் போவது என்றும் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பேசிய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் விருது அது. ஒரே பெண் ஒரு தாளில் அத்துமீறுபவர். இன்னொரு தாளில் காப்பவர்.

கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், “பூங்காவுக்குள்ள போய்த்தான் எடுக்கிறீங்களா?” என்று கேட்டேன். “பூங்கா மதுரையில இருக்கு டீச்சர். இது எங்க தீவு” என்றார். வேடிக்கைக்காகச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை. ‘எங்கள்’ என்ற சொல்லை அவர் உடைமையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர், எங்கள் தெரு என்பது போலச் சொன்னார்.

இன்னொரு பூங்காவும் வருகிறது. 2023-இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கயிற்றிலும் மிதவையிலும் வளர்க்கும் அயல் பாசி ஒன்று முன்பே இங்கே கொண்டுவரப்பட்டு, குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையாக வளர்ந்ததைக் கிள்ளும் பெண்ணுக்கு முதல் பூங்காவில் இடமில்லை. இரண்டாம் பூங்காவில் அவளுக்கு இடமுண்டு, வளர்ப்புப் பயிரின் உழைப்பாளியாக. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. கடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இரண்டிலும் கேட்கப்படவில்லை.

4

பெண் ஏன் கரையிலேயே நிறுத்தப்படுகிறாள்? இலக்கியம் இதற்கு ஒரு விடையை வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கிறது. அவள் கற்போடு இருந்தால் அவன் உயிரோடு திரும்புவான்.

தகழியின் ‘செம்மீன்’ 1956-இல் வந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழில் பல தலைமுறை படித்திருக்கிறது. கருத்தம்மாவின் மனம் அலைந்தால் கடலம்மை பழனியை விழுங்கிவிடுவாள் என்பதுதான் அந்த நாவலின் இயக்கவிசை. நாவலின் இறுதி அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்பதற்குப் பதில் நிறைவேற்றிக் காட்டுகிறது. அதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்பு, 1863-இல், பிசே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஓர் இசைநாடகம் அமைத்தார். கதை முதலில் மெக்சிகோவில் நிகழ்வதாக இருந்து, பிறகு இலங்கைக்கு மாற்றப்பட்டது. முகத்திரை அணிந்த கன்னி ஒருத்தி பாறையில் நின்று பாட, அவளது தூய்மை குளிப்பவர்களைக் காக்க வேண்டும். பாரிஸில் இருந்தவர்களுக்கு எங்கள் கடல் தெரியாது. பெண்ணைப் பாறைமேல் நிறுத்துவது மட்டும் தெரிந்திருந்தது.

எங்கள் கரையின் முத்துக்குளிப்பில் இதே கற்பனையின் சிக்கனமான வடிவம் ஒன்று உண்டு. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும் குளிப்பவரின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கையின் தாலியை நினைத்தாவது அவர் கயிற்றைச் சரியான நேரத்தில் இழுப்பார் என்பது கணக்கு. இந்தச் செய்தியை ஊரில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உறவின் நெருக்கத்துக்குச் சான்று என்பார்கள். எனக்கு அதில் வேறொன்றும் கேட்கிறது. படகில் இல்லாத பெண்ணின் விதவைக்கோலம்தான் அந்தக் கயிற்றை இழுக்கிறது. அவள் ஈடு. கடலுக்குள் அவளைக் கொண்டுபோகாமலே அவளைக் கடல்தொழிலின் பிணையாக வைத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்தது. 1973-இல் இங்கே வளர்ப்பு முத்து உருவாக்கினார்கள். மச்சான் கயிறு போய்விட்டது. பெண் கடலில் இறங்கக்கூடாது, வலையைத் தாண்டக்கூடாது, வள்ளத்தில் ஏறக்கூடாது என்ற சொற்கள் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றன. இந்த நிலையில் பாசி எடுக்க முங்கும் பெண்ணின் உடல் எத்தனை விலக்குகளை ஒரே மூச்சில் தாண்டுகிறது என்று பாருங்கள். சாமியின் விலக்கு, சாதியின் விலக்கு, வனச் சட்டத்தின் விலக்கு. அவள் ஒருவேளைச் சோற்றுக்காகத்தான் தாண்டுகிறாள். அதனால் தாண்டல் சிறிதாகிவிடாது.

5

நவீனத் தமிழ் நாவல் இந்தக் கரையை நன்றாகவே எழுதியிருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. வல்லத்துக்கும் லாஞ்சுக்குமான பகையின் நடுவே பிலோமியின் காதல் நடக்கிறது. சாமிதாஸ் அவளை விட்டுப் போன பிறகு அவள் உடைந்துவிடாமல் வாழ்க்கையைத் தொடர்வது இன்றும் படிக்கும்போது ஆறுதல் தருகிறது. இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட திணையில் இரங்கலைக் கடந்துபோகும் பெண்ணை வண்ணநிலவன் படைத்தார். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கொற்கை’ (2009) இரண்டும் காற்று, நீரோட்டம், பாய், தோணி பற்றிய அறிவைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்தவை. முதல் நாவலில் நடுக்கடலில் கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டு மிதக்கும் மூன்று ஆண்களின் நினைவில் ஊர் விரிகிறது. அங்கே நாவலின் வடிவமே ஒரு தீர்ப்பு: கடலில் இருப்பவன் நினைக்கிறான், கரையில் இருப்பவள் நினைக்கப்படுகிறாள். அவரது பெண்கள் வலுவற்றவர்கள் அல்லர். ஆனால் கடலை அறிந்த மொழி அவர்கள் வாயில் வருவதில்லை.

இதனால்தான் ராஜம் கிருஷ்ணனிடம் திரும்பப் போகிறேன். இந்தக் கரைக்கு வந்து தங்கி, கேட்டு, எழுதியவர் அவர். மீனவர் வாழ்வைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’. அடுத்து உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’. அவருடைய எழுத்தை ‘கள ஆய்வு நாவல்’ என்று ஒதுக்கிவைப்பது நம் விமர்சனத்தின் பழக்கம். தகவல் மிகுதி, கலை குறைவு என்ற தீர்ப்பை மாணவர்களும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ‘கரிப்பு மணிக’ளில் அளத்துக்கு வேலைக்குப் போகும் பொன்னாச்சியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வெயில், கண் கூச்சம், காலில் புண், கண்காணிப்பவனின் கை, கூலிக் கணக்கு எல்லாம் அவள் வழியாகவே வருகின்றன. கருப்பொருள் என்று ஒதுக்கப்பட்ட தொழில் அந்த நாவலில் உரிப்பொருளாகிறது. நடையில் குறைகள் உண்டு. சில இடங்களில் பாத்திரம் பேசவேண்டியதை ஆசிரியர் பேசிவிடுகிறார். ஆனாலும் திணையின் வரிசையை மாற்றிய துணிவு அவருடையது. என் தாய்வழிப் பாட்டி உப்பளத்தில் நின்றவர். அவர் காலைப் பற்றி எழுதப்பட்ட வேறு தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

6

வளைகுடாவுக்கு இரண்டு கரைகள். 1974-இல் பாக் நீரிணையிலும் 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு வரைந்தன. தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் 1974 ஜூலையில்தான். ஒரே காலத்தில் இந்தக் கடல் சரக்குக்குத் திறந்தது, மனிதருக்கு மூடியது. பிறகு வந்த பூங்கா அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பக்கத்தில் 1938-இலிருந்து வில்பத்து தேசியப் பூங்காவும் 1992-இலிருந்து கற்பிட்டிக்கு அப்பால் பார் ரீஃப் கடல் சரணாலயமும் உள்ளன.

கடல் அட்டைக்கு இந்தக் கோடு தெரியாது. 2001-இல் இந்தியா அதை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக வைத்தது. இலங்கையில் உரிமம் பெற்று அதைப் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். இதே உயிர் கோட்டுக்கு மேற்கே குற்றம், கிழக்கே வருமானம். இரு அரசுகளும் சேர்ந்து ஒரு காவலை வகுக்காதவரை மேற்கிலிருந்து கிழக்கே கடத்தல் நடந்துகொண்டே இருக்கும். சிறைக்குப் போவது கரையில் அட்டையை அவித்துக் காயவைக்கும் ஏழைகளாகவே இருக்கும்.

எல்லை கடந்த பூங்கா உலகில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சவன்னாவில் போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் 2000-இல் கலகாடி பூங்காவை ஒன்றாக்கின. கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் ஆண்டுதோறும் அந்த எல்லையைத் தாண்டிப் போய் வருகின்றன. பயணிகள் அந்தத் தாண்டலைப் பார்க்கவே போகிறார்கள். ஆனால் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள் 1959-இல் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு கிரிசிமெக் எடுத்த செரெங்கெட்டி ஆவணப்படம் ஆஸ்கர் பெற்று, மனிதரில்லாத ஆப்பிரிக்கப் புல்வெளி என்ற கனவை உலகெங்கும் பரப்பியது. மசாய்களில் வீடு கட்டுவது பெண்கள். சாணமும் மண்ணும் குச்சியும் கொண்டு அவர்கள் கையால் எழுப்பிய வீடுகள் படச்சட்டத்துக்கு வெளியே போயின. விலங்குக்கு எல்லையைத் திறப்பதும் மனிதருக்கு அடைப்பதும் ஒரே கையால் நடக்கலாம் என்பது அந்த வரலாற்றின் பாடம்.

நம் எதிர்க்கரையிலும் இது நடந்திருக்கிறது. வில்பத்துவின் வடக்கே மறிச்சுக்கட்டி. 1906-இல் முத்துச் சலாபத்தை மேற்பார்வையிட அங்கே போன இளம் ஆங்கிலேய அதிகாரி லியோனார்ட் வுல்ஃப். பின்னாளில் அவர் மணந்த வர்ஜீனியா வுல்ஃப், எழுதும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறை வேண்டும் என்றார். அந்தக் கரையின் பெண்களுக்கு ஊரே இல்லாமல் போனது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போர் முடிந்து திரும்பியபோது ஊர்களில் காடு வளர்ந்திருந்தது. 2012-இல் அந்த நிலங்கள் வனமாக அறிவிக்கப்பட்டன. திரும்பிவந்தவர்கள் காட்டை அழிப்பவர்கள் ஆனார்கள். பக்கத்து முள்ளிக்குளத்தில் 2007-இல் வெளியேற்றப்பட்ட தமிழர்களின் நிலத்தில் கடற்படை முகாம் அமைந்தது. 2017-இல் போராட்டத்துக்குப் பிறகே ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. ஒரு கரையில் பாசிக்காரி அத்துமீறுபவள், மறுகரையில் வீடு திரும்பியவள் அத்துமீறுபவள். இரண்டையும் ஒன்றாகப் படிக்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஈழத்தைப் படிக்கும் அலமாரி வேறு, சூழலியலைப் படிக்கும் அலமாரி வேறு.

இந்தக் கடலுக்குள்ளும் ஒரு சவன்னா இருக்கிறது. கடற்புல் பாசியன்று, வேரும் பூவும் உள்ள தாவரம், நீருக்குள்ளேயே பூக்கும். அந்த வகையில் பூங்கா என்ற சொல் இங்கே பொருந்தவே செய்கிறது. அந்தப் புல்லை மேய்வது கடற்பசு. எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்பார்கள். ஐரோப்பிய மாலுமிகள் தூரத்திலிருந்து பார்த்துக் கடற்கன்னி என்று மயங்கியதாகக் கதை உண்டு. விலங்கியலும் அந்த மயக்கத்தையே பெயராக்கி, பாடி மயக்கும் சைரன்களின் பெயரால் அதன் வரிசைக்குச் சைரீனியா என்று பெயரிட்டது. ஒரு தாய்க்கு ஒரு கன்று. ஒன்றரை ஆண்டு வரை பால் கொடுக்கிறாள். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள். வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் இறக்கிறாள். இவளுக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது, நாட்டில் முதலாவது. நான் அதை வரவேற்கிறேன். எதிர்க்கரையின் புல்வெளியும் இவளுடையதே என்று இரு நாடுகளும் ஒப்புக்கொள்ளும் நாளையும் எதிர்பார்க்கிறேன். அந்த ஒப்பந்தத்தை எழுதும் மேசையில், அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் தினமும் முங்கி எழும் பெண்களும் உட்கார வேண்டும். மூச்சடக்கி வாழ்வது என்னவென்று அந்த மேசையில் அவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

7

விமர்சகர் செய்யக்கூடியது சிறிது. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நமக்கில்லை. பாடத்திட்டத்தில் கொஞ்சம் இருக்கிறது. நெய்தலை நடத்தும்போது இரங்கலோடு நிறுத்தாமல் நற்றிணை 45-ஐயும் அகநானூற்று உப்புக்காரியையும் முன்னுக்குக் கொண்டுவரலாம். தொழில் என்னும் கருப்பொருளை உரிப்பொருளாக வாசித்தால் என்ன ஆகிறது என்று மாணவிகளைக் கேட்கலாம். ‘கரிப்பு மணிகள்’ ஏன் பாடமாகவில்லை என்று கேட்கலாம். பாசிப் பெயர்களையும் நீரோட்டப் பெயர்களையும் அந்தப் பெண்களிடம் கேட்டுத் தொகுக்கலாம். அகராதியில் ஏறிய சொல்லுக்கு அலுவலகக் கோப்பில் ஏறுவது கொஞ்சம் எளிது.

திரேஸ்புரத்து மாணவி இப்போது முதுகலை படிக்கிறாள். ஆய்வேட்டுக்குத் தன் அம்மாவின் ஏலச் சொற்களை எடுத்திருக்கிறாள். கையால் காட்டும் விலைக்குறிகளுக்குப் பெயர் வைப்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறாள். “இது எந்தத் திணைல வரும் மேடம்?” என்று போன வாரம் கேட்டாள். நெய்தல் என்றேன். உரிப்பொருள் என்ன என்று எழுதுவது என்றாள். அதை நீதான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.